தேங்காய்க் குதிரை

அவருடைய இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே எப்போதும் ஏதாவது ஒன்று இருக்கும். பெரும்பாலும் தேங்காய். அது கையில் சிக்காத நேரத்தில் தலையணை, சுருட்டிய ஜமக்காளம், ஒரு தடவை எங்கள் வீட்டுப் பித்தளை இட்லிப் பானை. அந்தப் பானையைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது அவர் மனைவியின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "கோவிச்சுக்காதேங்கோ மன்னி. பித்தளைன்னா நழுவாம நிக்கறதான்னு பாத்தாராம்" என்றாள். நான் கோபித்துக்கொண்டேன். எனக்குக் கோபம் வந்தால் மூடி வைக்கத் தெரியாது. சாம்பலும் புளியும் போட்டுக் கை நோகத் தேய்த்த பிறகுதான் அதை அடுப்பில் ஏற்றினேன்.

திருவனந்தபுரம் கரமனையில் ஆற்றங்கரைக்குப் போகிற தெருவில் எங்கள் வீடும் அவர்கள் வீடும் ஒற்றைச் சுவரைப் பங்கு போட்டுக்கொண்டவை. அவரும் என் அகத்துக்காரரும் ஒரே சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தாக்கள். என் அகத்துக்காரரை அவர் அண்ணா என்று கூப்பிட்டதால் நான் புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் மன்னியாகிவிட்டேன். அவர் பெயரை நான் அன்றும் சொன்னதில்லை, இன்றும் சொல்லப் போவதில்லை. தெருவில் அவருக்கு வேறு பெயர் இருந்தது. தேங்காய்க் குதிரை.

ஏனென்றால் தேங்காயெல்லாம் குதிரைக்காகத்தான். குதிரை எங்கே என்று கேட்காதீர்கள். அவரிடம் குதிரை கிடையாது. குதிரைமேல் அதுவரை உட்கார்ந்ததும் கிடையாது. பழவங்காடியில் ஜட்கா வண்டிக் குதிரை குறுக்கே வந்தால் ஒதுங்கி நின்று வழிவிடுகிற மனுஷர். ஆனால் உட்கார்ந்த இடத்தில் முழங்கால்களுக்கு நடுவே தேங்காயை வைத்து இறுக்கிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, எங்கேயோ போய்விடுவார். கச்சேரியில் அப்படிப் போய்விட்ட ஒரு மத்தியானம் மேலதிகாரி வந்து நின்றிருக்கிறார். "எந்தா பட்டரே, உறங்கிப் போயோ?" என்று அவர் மலையாளத்தில் அதட்ட, இவர் திடுக்கிட்டு எழுந்திருக்க, தேங்காய் மேஜைக்கு அடியிலிருந்து உருண்டு அதிகாரியின் பூட்ஸைத் தொட்டு நமஸ்காரம் பண்ணியதாம். என் அகத்துக்காரர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவளும் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் இழுப்பாகிவிட்டது. எங்கள் சிரிப்பு நின்றுபோயிற்று.

அவளுக்கு அந்த இழுப்புதான் பெரிய வியாதி. சமையலறையிலிருந்து கிணற்றடிக்குப் போவதற்குள் தூணைப் பிடித்துக்கொண்டு ஒரு தரம் நிற்பாள். மழைக்காலம் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். திருவனந்தபுரத்தில் மழைக்காலம் எப்போது இல்லை? சுவர் வியர்க்கும், உப்பு ஜாடியில் தண்ணீர் நிற்கும், உலர்த்திய புடவை மறுநாளும் ஈரமாகவே இருக்கும். அந்த ஈரம் எல்லாம் அவள் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு விசில் அடிக்கும். பார்க்காத வைத்தியம் இல்லை. கடைசியில் ஒரு டாக்டர், "மருந்து இனிமே என்கிட்ட இல்லை. மலைக்கு அந்தப் பக்கம், உலர்ந்த ஊரா பாத்து அழைச்சுண்டு போயிடுங்கோ. இங்கேயே இருந்தா ரொம்ப நாள் தாங்காது" என்று சொல்லிவிட்டார்.

மலைக்கு அந்தப் பக்கம் என்றால் செங்கோட்டை. அதுவும் அப்போது நம் மகாராஜா சீமைதான். ஆனால் கச்சேரிக் குமாஸ்தாவுக்கு அங்கே என்ன வேலை? ஒரே ஒரு உத்தியோகம் இருந்தது. மலையடிவாரம் எல்லாம் சுற்றிப் பார்த்துக் கணக்குச் சொல்கிற இன்ஸ்பெக்டர் வேலை. சாலை கிடையாது, வண்டி போகாது. அதனால் குதிரை ஏறத் தெரிந்தவனுக்குத்தான் அந்த வேலை என்று விதி. பட்டாளத்துச் சவாரி மாஸ்டர் முன்னால் ஏறிக் காட்ட வேண்டும். அந்த இடம் காலியாகப் போகிறது என்று தெரிந்த அன்றைக்குத்தான் அவர் முதல் தேங்காயை எடுத்தார். வயதும் வரம்பை நெருங்கிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை விட்டால் விட்டதுதான். இவ்வளவையும் அவர் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. அவள்தான் ஒருநாள் கிணற்றடியில் என்னிடம் சொல்லி அழுதாள். அதற்கப்புறம் தெருவில் யாராவது தேங்காய்க் குதிரை என்றால் எனக்குச் சுள்ளென்று வரும்.

ஆனால் நானே அவரோடு சண்டை போடாமல் இல்லை. ஒரு நாள் திடீர் விருந்தாளிகள். எங்கள் வீட்டில் தேங்காய் இல்லை. அவளிடம் ஒரு மூடி கடன் கேட்டேன். முழுத்தேங்காயே கொடுத்தாள். உடைத்து, துருவி, அரைத்து, மணக்க மணக்க அவியல் பண்ணி, இலையில் பரிமாறியும் ஆயிற்று. அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் குரல் கேட்டது. "மூலையிலே கரியாலே கோடு போட்டு வைச்சிருந்தேனே, அந்தத் தேங்காய் எங்கேடீ?"

என் கை அப்படியே நின்றுவிட்டது. தொடையிடுக்கில் நாள் பூராவும் இருந்த தேங்காய்! ஓட்டில் கரிக்கோடு இருந்ததை நானும் பார்த்தேன். வியாபாரி போட்ட அடையாளம் என்று நினைத்தேன். விருந்தாளிகளோ நல்ல ஆசாரக்காரர்கள். "அவியல் இன்னும் கொஞ்சம் போடு, பிரமாதம்" என்கிறார்கள். என்ன செய்வேன்? போட்டேன். நான் மட்டும் அன்றைக்கு மோரும் சாதமும் சாப்பிட்டேன். சாயங்காலம் கொல்லைப்புறம் போய்ச் சுவரைப் பார்த்துக் கத்தினேன். அந்தப் பக்கத்திலிருந்து அவர் மிக மரியாதையாக, "தப்புதான் மன்னி. ஆனா நல்ல கெட்டித் தேங்காய், நீங்களே பாத்திருப்பேளே" என்றார். இதற்கு மேல் ஒருத்தரோடு எப்படிச் சண்டை போடுவது?

அவள் தம்பி ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். அவனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு கூடத்துச் சுவரில் கரியால் ஒரு தொடையை வரைந்தார். தோலை உரித்த தொடை. அவள் வெட்கம் தாங்காமல் அதன்மேல் லட்சுமி படம் போட்ட காலண்டரை மாட்டினாள். அப்புறம் லட்சுமியைப் போய் இதன்மேல் உட்கார வைத்தோமே என்று பயந்து, காலண்டரை எடுத்துவிட்டு ஒரு துண்டைத் தொங்கவிட்டாள். யார் வந்தாலும் அவர் துண்டை விலக்கிப் பாடம் ஆரம்பிப்பார்.

"தொடைக்கு உள்பக்கம் அஞ்சு பேர் இருக்கா. அஞ்சு பேருக்கும் பொறந்த வீடு ஒண்ணுதான், அடிவயித்துக்குக் கீழே இருக்கிற இந்த எலும்பு. இதோ, குட்டையா மேலேயே நின்னுடறாளே ரெண்டு பேர், இவா சித்தப்பாக்கள். நடுவிலே நீளமா வராரே, அவர் மாமா. விசிறி மாதிரி விரிஞ்சு, தொடை எலும்பு பூராவும் முழங்கால்கிட்ட வரைக்கும் பிடிச்சுண்டிருக்காரே, அவர்தான் பெரியப்பா. குடும்பத்திலே பலம் அவருக்குத்தான். இந்தப் பக்கம் நாடா மாதிரி ஒல்லியா ஒருத்தி, அத்தை. மத்த நாலு பேரும் தொடை எலும்போட நின்னுடறா. அவ ஒருத்திதான் முழங்காலைத் தாண்டி அடுத்த எலும்புக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவ."

இவர்கள் என்ன வேலை செய்கிறார்கள் என்று கேட்டுவிட்டால் போச்சு, காப்பி ஆறிவிடும். "கால் பாட்டுக்கு அகண்டு போகாம உள்ளே இழுத்துக் கட்டறது இவாதான். நடக்கறப்போ ஒரு கால் தரையிலே, ஒரு கால் காத்திலே. அப்போ இடுப்பு ஆடாம பாத்துக்கறதிலேயும் இவாளுக்குப் பங்கு உண்டு. குதிரைமேலே உக்காந்தா நம்மளைக் கட்டிப் போட்டு வைக்கற கயறே இவாதான். கையாலே பிடிச்சுண்டு எத்தனை நாழி உக்கார முடியும்? தொடையாலே பிடிக்கணுமாக்கும்!"

விடியற்காலையில் ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நண்டு மாதிரி பக்கவாட்டில் நடப்பார். ஒரு காலை அகல வைத்து, மற்றக் காலைத் தண்ணீரின் கனத்தை எதிர்த்து மெல்ல இழுத்துச் சேர்ப்பார். ஆற்றின்மேல் வெள்ளையாகப் பனி மிதந்துகொண்டிருக்கும். அவர் இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியாது. பனிக்குள் ஒரு மனுஷர் பாதியாக, சத்தமில்லாமல், இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைப் பக்கம் நழுவிப் போவார், திரும்ப வருவார். நான் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு படியிலேயே நின்றுவிடுவேன். ஏதோ சொப்பனத்தில் பார்ப்பது போலிருக்கும். பிறகு என் மாமியார் கூப்பிடுகிற குரல் கேட்டு ஓடுவேன்.

தசை வலியால் தெருவில் காலை அகட்டி அகட்டி நடந்தார். நம் ஊரில் ஒரு ஆண்பிள்ளை அப்படி நடந்தால் என்ன நினைப்பார்கள்? வாதம் கீழே இறங்கி வீங்கிவிட்டது என்றுதான். ஒருத்தர் விடாமல் மருந்து சொன்னார்கள். கழற்சிக்காயை அரைத்துப் பற்றுப் போடச் சொல்லி ஒரு பாட்டியம்மாள் கொண்டுவந்தே கொடுத்துவிட்டாள். அவர் கையெடுத்துக் கும்பிட்டு வாங்கி வைத்துக்கொண்டார். குதிரைக்காகத்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால், எதற்குக் குதிரை என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொன்னால் அவள் வியாதி தெருவுக்கு வந்துவிடும். அந்தக் கூச்சம் அவருக்கு.

ஒரு தடவை பாசிப் படியில் வழுக்கிக் கால்கள் இரண்டும் இரண்டு பக்கம் போய்விட்டன. உள்தொடை முழுவதும் கருநீலமாகக் கன்றிப் படுத்துவிட்டார். கம்பவுண்டர் மைத்துனன் வந்து திட்டினான். "இறுக்கறதுக்கு மட்டும் பழக்கிட்டேள் அத்திம்பேர். நீளறதுக்கும் தளர்றதுக்கும் யார் பழக்கறது? தேங்காயை அமுக்கினா அதே அளவுக்கு விடணும். ரெண்டு உள்ளங்காலையும் சேத்து வைச்சு உக்காந்து, முழங்காலை மெதுவா தரைக்குக் கொண்டு போங்கோ. அவசரப்படாம." அவர் சரி சரி என்று தலையாட்டினார். கொஞ்ச நாள் செய்தும் பார்த்தார். அப்புறம் பழையபடி தேங்காய்தான். அவருக்கு விடுவதில் நம்பிக்கை இல்லை. விட்டால் விழுந்துவிடுவோம் என்ற பயம்.

அந்தக் கர்க்கடக மாதத்தை, நம் ஆடியை, நான் மறக்க மாட்டேன். மழை விடாமல் ஊற்றிய ஒரு பகல். சுவர் வழியாக அவள் இழுப்புச் சத்தம் கேட்டு மிளகுக் கஷாயம் எடுத்துக்கொண்டு போனேன். அவள் முன்பக்கம் குனிந்து, முழங்காலைக் கையால் ஊன்றி உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. அவர் எதிரே பெஞ்சியில் தேங்காயை இறுக்கிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருந்தார். நான் வாசற்படியிலேயே நின்றேன்.

"நெடுமங்காடு தாண்டியாச்சு. இன்னும் மழைதான். நீ பின்னாலே என் தோளைப் பிடிச்சுண்டு உக்காந்திருக்கே. குளத்துப்புழை. மரம் எல்லாம் ஒசரம், இருட்டா இருக்கு. பயப்படாதே, குதிரைக்கு வழி தெரியும். மெதுவா போறது... மெதுவா... இதோ ஆரியங்காவு வந்தாச்சு. மழை குறைஞ்சுடுத்து பாரு. இப்போ தூத்தல். இப்போ அதுவும் இல்லை. எறக்கத்திலே எறங்கறோம். பனைமரம் தெரியறதா? வெய்யில். காத்து உலந்துபோய் வரது. உன் புடவை காஞ்சுடுத்து, தொட்டுப் பாரு."

அவள் நிஜமாகவே கையை நீட்டிப் புடவைத் தலைப்பைத் தொட்டுப் பார்த்தாள். மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கூடத்தில் மட்டும் வெயில் அடிப்பதாக எனக்கும் தோன்றிற்று. கஷாயத்தை ஓரமாக வைத்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து, "ஈசுவரா, அந்த மனுஷனுக்கு ஒரு குதிரையைக் கொடு" என்று வாய்விட்டு வேண்டிக்கொண்டேன்.

சவாரிப் பரீட்சைக்கு நாள் வந்தது. நானும் வருவேன் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். அவளைத் தனியே விடுவதாவது! வில்வண்டி பிடித்து நாங்கள் இரண்டு பேரும் திரை போட்டுக்கொண்டு கிளம்பினோம். பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க வண்டியை நிறுத்தச் சொன்னாள். "கடைத்தேங்காயா வாங்குங்கோ மன்னி" என்றாள். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

பட்டாளத்து மைதானத்தின் ஓரத்தில் வண்டியை நிறுத்தித் திரையை விலக்கிப் பார்த்தோம். கச்சேரிக்காரர்கள் கூட்டமாக நின்றார்கள். அவர் பஞ்சகச்சம், இரவல் கோட்டு, தலைப்பாகை. செவலைக் குதிரை ஒன்றைப் பிடித்துக்கொண்டு மீசைக்கார மாஸ்டர் நின்றார். இவர் ஏறினதைச் சொல்ல வேண்டும். அழகாக ஏறினார். உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் இத்தனை நாள் பழகிய பலத்தையெல்லாம் சேர்த்துத் தொடையால் ஒரு இறுக்கு இறுக்கினார்.

குதிரை பாய்ந்தது. அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பயத்தில் இன்னும் இறுக்கினார். அது இன்னும் ஓடிற்று. இறுக்க இறுக்க ஓட்டம், ஓட ஓட இறுக்கம். தலைப்பாகை பறந்தது. மாஸ்டர் பின்னாலேயே ஓடி, "சாமீ, கால் அயச்சு விடு! தளர விடு சாமீ!" என்று கத்தினார். வேறு யாராக இருந்தாலும் விழுந்திருப்பார்கள். இவர் ஒட்டிப் பிடித்த அட்டையாக இருந்தார். ஆனால் நிறுத்தத் தெரியவில்லை. போயிற்று, எல்லாம் போயிற்று என்று நினைத்துக்கொண்டு பக்கத்தில் பார்த்தால், அவளைக் காணோம்.

வண்டியிலிருந்து குதித்துவிட்டாள்! கிணற்றடிக்கு நடக்க முடியாதவள், அத்தனை ஆண்பிள்ளைகளுக்கு நடுவே, தலைப்பு தரையில் புரள மைதானத்தில் ஓடுகிறாள். குதிரை வருகிற பாதைக்கு நேராக ஓடுகிறாள். "அடி பாவிப் பெண்ணே, நில்லுடீ! செத்துப் போயிடுவே!" என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன்.

அவர் அவளைப் பார்த்தார். பிற்பாடு என்னிடம் சொன்னார், "அவ ஓடி வரதைப் பாத்தேன் மன்னி. தொடையிலே இருந்த பலம் எல்லாம் அப்படியே வடிஞ்சு போயிடுத்து. கால் ரெண்டும் துணியாட்டம் தொங்கிடுத்து. இனிமே விழறதுதான்னு நெனச்சேன்." விழவில்லை. தொடை தளர்ந்ததும் குதிரையின் ஓட்டம் தளர்ந்தது. துள்ளலாயிற்று, நடையாயிற்று, அவளுக்குக் கையெட்டும் தூரத்தில் நின்றுவிட்டது. குதிரைக்கும் மூச்சிரைத்தது, அவளுக்கும் மூச்சிரைத்தது.

மாஸ்டர் வந்து சேர்ந்தார். அடிக்கப் போகிறாரோ என்று பார்த்தேன். அவர் சிரித்தார். "குதிரைக்கு அமுக்கினா 'போ'ன்னு அர்த்தம் சாமீ. நீங்க அமுக்கிக்கிட்டே நில்லு நில்லுன்னா அதுக்கு என்ன விளங்கும்? இப்போ இருக்கீங்களே, இப்படியே, காலைத் தொங்கவிட்டு ஒரு சுத்து வாங்க."

கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு இவர் குதிரைமேல் சுற்றி வந்தார். இறுக்க அவரிடம் பலமே மிச்சமில்லை. குதிரை அவரைத் தொட்டில் ஆட்டுகிற மாதிரி சுமந்து போயிற்று. லேசாகத் தொடையைத் தொட்டால் விரைந்தது, விட்டால் நின்றது. தேங்காய் இதை எப்படிச் சொல்லிக் கொடுக்கும்? தேங்காய் ஓடாதே. நானும் புல்லில் இறங்கிப் போய் அவள் முதுகைத் தடவிக்கொண்டே அதைப் பார்த்தேன். "மதி, போதும் சாமீ, இறங்குங்க. பாஸ்" என்றார் மாஸ்டர். இறங்கினவருக்கு நிற்க வரவில்லை. அப்படியே புல்லில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கச்சேரியே பார்த்துக்கொண்டிருக்க, என் கையை விலக்கிவிட்டு அவள் முதுகைத் தானே நீவ ஆரம்பித்தார். அந்தக் காலத்தில் யார் அப்படிச் செய்வார்கள்! எனக்கே முகம் சிவந்துவிட்டது.

ஆவணி பிறந்ததும் செங்கோட்டைக்குப் போய்விட்டார்கள். நான் அழுதேன். ஒரு மாதம் வரை யாரோடும் சண்டை போடவில்லை என்று என் மாமியாரே சொன்னாள். அடுத்த மாசியில் பிடிவாதம் பிடித்து என் அகத்துக்காரரை அழைத்துக்கொண்டு போனேன். அவள் சதை போட்டிருந்தாள். பண்பொழித் திருமலைக்குப் போகலாம் என்றாள். மலைமேல் முருகன் கோவில். நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற படிகள். "உனக்கு ஏதாவது பைத்தியமாடீ?" என்றேன்.

பாதிப் படியில் உட்கார்ந்தது நான்தான். இரைப்பு, வேர்வை, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. அவள் என் அகத்துக்காரரையும் முந்திக்கொண்டு மேலே போய்க்கொண்டிருந்தாள். திரும்பி, "என்ன மன்னி, அதுக்குள்ளே உக்காந்துட்டேள்?" என்று கேலி வேறு. அவள் அகத்துக்காரர் மட்டும் என் பக்கத்தில் அசையாமல் நின்றார். பாவம், எனக்குத் துணையாக நிற்கிறார் என்று நினைத்து, "நீங்கோ போங்கோ. எனக்காக நிக்க வேண்டாம்" என்றேன்.

"உங்களுக்காக நிக்கலை மன்னி. கொஞ்சம் மூச்சை அடக்கிக்கறேளா? உங்க இரைப்பிலே எனக்கு ஒண்ணும் கேக்கலை. அவ ஏறறாளே, இழுப்புச் சத்தம் வரதான்னு பாத்துண்டிருக்கேன்."

வேறு நாளாக இருந்தால் அதற்கும் ஒரு சண்டை போட்டிருப்பேன். தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டேன். மேலே அவள் ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டிருந்தாள். காற்று இல்லை. பனையோலைகூட அசையவில்லை.

"இல்லை மன்னி" என்றார். "இல்லவே இல்லை." சொல்லிவிட்டு அந்தப் படியிலேயே உட்கார்ந்து, என்னை ஒரு பொருட்டாக நினைக்காமல், குழந்தை மாதிரி அழுதார்.